பதினொரு பக்கிரிகள்

அத்தியாயம் 7

எங்கள் துப்பறியும் நிலையம் தொடங்கி நாலு வருஷம் ஆகிறது. இதுவரை ஒரு பிணம்கூட விழவில்லை. மற்ற துப்பறிவாளர்களின் உதவியாளர்களுக்கெல்லாம் ரத்தக்கறை, கைரேகை, நின்றுபோன கடிகாரம் என்று ஏதாவது கிடைக்கிறது. எனக்குக் கிடைப்பதெல்லாம் வினைச்சொற்கள். இதை என் மச்சானிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. நான் ஏதோ டுடோரியல் காலேஜில் எடுபிடியாக இருக்கிறேன் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறான்.

என் பெயர் ஜமால். என் முதலாளி செல்வாம்பாள் ஒரு கல்லூரியில் இலக்கணம் நடத்தியவர். 'சிறுகதைகளில் பாத்திர ஆய்வு: செயல்பாட்டு இலக்கண அணுகுமுறை' என்று ஆறு வருஷம் ஆராய்ந்து நானூறு பக்கம் எழுதினார். அதைப் படிக்க ஒரு ஆள்கூட முன்வரவில்லை. அந்தக் கோபத்தில் வேலையை விட்டுவிட்டு, புதுச்சேரி காந்தி வீதியில் ஒரு குடை ரிப்பேர் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டினார். குடைக்கடை என் அத்தாவுடையது, அதாவது அப்பாவுடையது. மேடத்துக்கு மேசை தூக்கிக்கொடுக்க மாடிக்குப் போனவன் நான், இன்னும் இறங்கவில்லை.

மேடத்தின் முறை இதுதான். ஒரு ஆள் யார் என்று தெரிய வேண்டுமானால் அவனைப் பற்றிய வாக்கியங்களை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அவற்றில் அவன் எங்கே நிற்கிறான்? எதையாவது செய்கிறானா, சொல்கிறானா, வெறுமனே நினைக்கிறானா, அல்லது மற்றவர்கள் அவனை ஏதாவது செய்துவிட்டுப் போகிறார்களா? நாலு கட்டம் போட்டு வினைகளை எண்ணினால் ஆள் பிடிபட்டுவிடுவான் என்பார்.

சிரிக்காதீர்கள். போன வருஷம் ஒருவர் மாடு திருடு போனதாக எங்களுக்கு எழுதிக் கொடுத்தார். 'கயிறு அவிழ்ந்தது, படல் திறந்தது, மாடு போய்விட்டது' என்று இருந்தது. "திருடனே இல்லாத திருட்டு. எல்லாம் தானா நடந்திருக்கு. செஞ்சவன் இவன்தான்" என்றார் மேடம், நாற்காலியை விட்டு எழாமலே. மாடு எழுதிக் கொடுத்தவருடைய மைத்துனன் கொல்லையில் வைக்கோல் தின்றுகொண்டிருந்தது.

அந்த வியாழக்கிழமை காலை பத்தரைக்கு ஒரு பெண் படியேறி வந்தாள். பெயர் ஆதிலட்சுமி. தட்டாஞ்சாவடியில் ஒரு மெழுகுவத்தி கம்பெனியில் பேக்கிங் வேலை. கண் சிவந்திருந்தது.

"மேடம், நாலு மணிக்கு என் கல்யாணம் நின்னுடும்."

"நிறுத்தறது யாரு?" என்றார் மேடம். அவருக்கு எதிலும் செய்கிற ஆள் முதலில் தெரிந்தாக வேண்டும்.

"எங்கப்பா. மாப்ள வூட்டுக்காரங்கள நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்காரு. நிச்சயதார்த்தத் தட்டத் திருப்பிக் கொடுக்கப் போறாராம்."

"ஏன்?"

அவள் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசைமேல் போட்டாள். தட்டாஞ்சாவடி உழைப்பாளர் கலை மன்றத்தின் பத்தாம் ஆண்டு மலர், 1986. கல்யாணங்களை அத்தைகள் நிறுத்திப் பார்த்திருக்கிறேன், மாமாக்கள் நிறுத்திப் பார்த்திருக்கிறேன். ஆண்டு மலர் நிறுத்தி அன்றுதான் பார்த்தேன்.

"இதுல ஒரு சிறுகதைப் போட்டி வச்சாங்க. தொழிலாளிங்க, அவங்க வூட்டு ஆளுங்க யாரு வேணாலும் எழுதலாம். பரிசு கொடுத்தது போல்ட் கம்பெனி கோவிந்தராசு. அவரு ஒரு கண்டிஷன் போட்டாரு. காலமான அவங்கப்பா பேரு பக்கிரி. அதனால எல்லாக் கதையிலயும் கதாநாயகன் பேரு பக்கிரின்னுதான் இருக்கணும். மரியாதையா 'அவர்'னுதான் எழுதணும்."

நான் மலரைப் புரட்டினேன். பதினொரு கதைகள், பதினொரு பக்கிரிகள். ஒரு பக்கிரி சோழர் படைக்குச் சேனாதிபதி. ஒரு பக்கிரி குத்துச்சண்டை வீரர். ஒருவர் நிலவுக்கே போய்க் கொடி நட்டிருந்தார். இன்னொரு கதை 'பக்கிரி அவர்கள் தொட்டிலில் படுத்தபடி வீறிட்டு அழுதார்' என்று தொடங்கியது.

"இதுல 'இரும்புக் கரம்' கதை எழுதினவருதான் மாப்ள" என்றாள் ஆதிலட்சுமி. "இராமதாஸ். லேத்துல வேல பாக்கறாரு. எங்கப்பா பேரும் பக்கிரிதான் மேடம். சேதராப்பட்டு கம்பெனி ஒண்ணுல டைம் கீப்பர். கதையில தன்னத்தான் கேவலப்படுத்தியிருக்கான்னு குதிக்கிறாரு."

"இராமதாஸ் என்ன சொல்றாரு?"

"மொத பாதிதான் என்னுது, ரெண்டாம் பாதிய நான் எழுதவே இல்லன்னு சத்தியம் பண்றாரு. அப்பா நம்பல. அச்சாபீஸ்ல போய்க் கேட்டதுக்கு, எடிட்டர் மெருகேத்தினதுன்னு சொல்லி வெரட்டிட்டாங்க. எங்கம்மா மூணு நாளா சோறு தண்ணி இல்லாம கெடக்கறாங்க."

"உனக்கு இந்தப் பையன்தான் வேணுமா?"

"ஆமா" என்றாள் ஆதிலட்சுமி. இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த அழுகை அந்த ஒரு சொல்லோடு வெளியே வந்துவிட்டது. எனக்குக் கஷ்டமாகப் போயிற்று. கேலி பேசுகிறவனுக்கு இந்த மாதிரி நேரத்தில் வாயை எங்கே வைப்பது என்று தெரியாது.

"நீ வூட்டுக்குப் போ. நாங்க நாலு மணிக்குள்ள வர்றோம்" என்று அனுப்பிவிட்டு மேடம் என் பக்கம் திரும்பினார். "ஜமாலு, நாலு கட்டம் போடு."

ஒரு மணி நேரம் எண்ணினோம். 'இரும்புக் கரம்' ஆறு பக்கம். முதல் மூன்று பக்கத்தில் பக்கிரி பழுதான லேத்தைப் பிரித்தார், பற்சக்கரத்தை மாற்றினார், கிணற்றில் விழுந்தவனைத் தூக்கினார், முதலாளியின் கையைப் பிடித்து நிறுத்தினார். செய்கிற கட்டத்தில் ஐம்பத்தோரு கோடு விழுந்தது. அவர் தொட்டதெல்லாம் அசைந்தது. பக்கத்தைத் திருப்பினால், கதை இப்படிப் போயிற்று:

'பக்கிரி அவர்கள் சாய்வு நாற்காலியில் சாய்ந்திருந்தார். காபி வந்தது. அது ஆறியிருப்பதை அவர் அறிந்தார். வேறு காபி வந்தது. தரை பெருக்கப்பட்டது. பக்கிரி அவர்களின் கால்கள் உயர்ந்தன. பெருக்கி முடிந்ததும் கால்கள் இறங்கின. நாட்டில் உழைப்பாளிகள் குறைந்து வருவதை நினைத்து அவர் வருந்தினார்.'

மூன்று பக்கமும் இதே கதைதான். வேட்டி வெளுத்தது, கொசுவலை இறங்கியது, விருந்தாளிகளுக்குப் பலகாரம் சுடப்பட்டது. பக்கிரி அறிந்தார், வருந்தினார், எரிச்சலுற்றார், ஏப்பம் விட்டார். செய்கிற கட்டத்தில் ஒரு கோடுகூட விழவில்லை.

"கால்கூடத் தானாத்தான் உயருது மேடம். தூக்கற சிரமம்கூட இல்ல" என்றேன்.

"இது ரெண்டு வேற வேற ஆளு, ஜமாலு. மொத பாதிப் பக்கிரி உலகத்த மாத்தறவரு. ரெண்டாம் பாதிப் பக்கிரிய உலகம் தாங்கிப் புடிக்குது. ஒரு பாத்திரம் பக்கம் திருப்பறதுக்குள்ள இப்பிடி மாறாது. என் ஆய்வுல மூணாவது இயலே இதுதான்."

"மாறும் மேடம். எங்க மாமு கல்யாணத்துக்கு முன்னாடி மொத பாதி. கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டாம் பாதி."

"உங்க மாமு ஆய்வுல வரல" என்றார் மேடம். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஸ்கூட்டரை ஓட்டுவது மேடம். பின்னால் உட்கார்ந்து ஆண்டு மலரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவது நான். நேரு வீதியில் என்னைத் தெரிந்தவர்கள் ஏழு பேர் அதைப் பார்த்தார்கள்.

அச்சகம் வைசியாள் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. உரிமையாளர் ஜானகிராமன் பழைய பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு எங்களை வரவேற்றார்.

"போன்ழூர் மதாம். கல்யாணப் பத்திரிகையா?"

"அப்பிடித்தான் வச்சுக்கங்களேன்" என்று மேடம் மலரைக் காட்டினார். "இந்தக் கதையோட ரெண்டாம் பாதி எப்பிடி இங்க வந்துச்சு?"

ஜானகிராமன் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "கதைங்க வந்துச்சு மதாம். எழுத்து கோக்கப்பட்டுது. பக்கம் அமைஞ்சுது. மலர் வெளிவந்துச்சு."

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்த்தார்.

"மாட்டுக்காரர் பேசின மாதிரியே பேசறாரு மேடம்" என்றேன்.

"எந்த மாட்டுக்காரர்?" என்றார் ஜானகிராமன் கலவரத்துடன்.

"ஐயா, நீங்க நாலு வாக்கியம் சொன்னீங்க. நாலுலயும் ஆளே இல்ல. இந்த அச்சாபீஸ்ல எழுத்து தானா நடந்து வந்து பக்கத்துல உக்காருமா? செஞ்சது நீங்க. என்ன செஞ்சீங்க? ஒரு பொண்ணு கல்யாணம் இதுனால நிக்கப் போவுது" என்றார் மேடம்.

கல்யாணம் என்றதும் மனிதர் இடிந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் வீட்டில் இரண்டு பெண்கள் இருக்க வேண்டும்.

"மதாம், எங்கிட்ட கி தீந்துபோச்சு."

"எது தீந்துபோச்சு?"

"கி! கி என்கிற எழுத்து!" அவர் எழுந்து போய் அச்செழுத்துப் பெட்டியைக் காட்டினார். சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஈய எழுத்துகள். "ஒரு கதைக்கு நாப்பது எடத்துல பக்கிரி வர்றாரு. பதினொரு கதைக்கு நானூத்தி நாப்பது கி வேணும். எங்கிட்ட இருக்கறது எரநூத்து முப்பது. உலகத்துல எந்த அச்சாபீஸ்லயாவது இப்பிடி ஒரு மலர் வருமா? கந்தன், முருகன்னு மாத்தி மாத்தி வச்சா யாரு அடிச்சாங்க? என்ன பண்றது. எல்லாக் கதையிலயும் மொத பாதிய மட்டும் கோத்து அச்சடிச்சேன். அப்புறம் எழுத்தப் பிரிச்சுப் பொட்டியில போட்டு, அதே கி-ங்கள வச்சு ரெண்டாம் பாதிய எல்லாம் கோத்தேன். அதுக்குள்ள கையெழுத்துத் தாள்ங்க கலஞ்சுபோச்சு. மேல கதைப் பேரு எழுதாத தாளு. எடுத்துப் பாத்தா எல்லாத்துலயும் பக்கிரி. எந்தப் பக்கிரி எந்தப் பக்கிரியோட மிச்சம்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

எத்தனை கதை மாறிப்போயிற்று என்று மேடம் கேட்டார். எட்டு என்றார்.

"எழுதினவங்க யாரும் வந்து கேக்கலியா?" என்றேன்.

"ஏழு பேரு வந்தாங்க. எடிட்டர் மெருகேத்தினாருன்னு சொன்னேன். ரெண்டு பேரு எடிட்டருக்கு மால போட்டுட்டுப் போனாங்க. அந்த லேத்துப் பையன் ஒருத்தன்தான் சண்ட புடிச்சான்."

கோவிந்தராசு வெளியீட்டு விழா மேடையில் மலரை நெஞ்சில் அணைத்து அழுதாராம். சேனாதிபதி பக்கிரி ஏழாம் பக்கத்தில் வாளை உருவி எட்டாம் பக்கத்தில் கோழிப் பண்ணை வைத்ததை அவரும் கவனிக்கவில்லை, ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லை. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஆண்டு மலர்களை யாராவது படிக்கிறார்களா என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். அன்று அது தீர்ந்தது.

கையெழுத்துப் பிரதிகளைக் கேட்டோம். முதல் பாதித் தாள்கள் அச்சானதுமே பக்கத்து போண்டாக் கடைக்குப் பொட்டலம் மடிக்கப் போய்விட்டன. இரண்டாம் பாதித் தாள்கள் ஒரு கோணியில் கிடந்தன. இராமதாஸின் தாள்கள் சீக்கிரமே கிடைத்தன. அடியில் அவன் கையெழுத்து. அவனுடைய பக்கிரி கடைசிவரை ஓயவில்லை. மாலைப் பள்ளிக்கூடம் கட்டி, அதற்குச் சுண்ணாம்பும் தானே அடித்து முடித்தார்.

"ஜெயிச்சாச்சு மேடம். இது போதும்."

மேடம் இன்னும் கோணியைக் கிளறினார். கடைசியில் சாய்வு நாற்காலிப் பக்கிரியும் அகப்பட்டார். மூன்று தாள். பென்சிலில் குண்டு குண்டான எழுத்து. கடைசியில் புனைபெயர்: மல்லாட்டை. வேர்க்கடலைக்கு இந்தப் பக்கம் அதுதான் பெயர். தாளைத் திருப்பினால் பின்புறம் கட்டம் கட்டமாக அச்சடித்திருந்தது. தொழிலாளர் வருகைப் பதிவு, சேதராப்பட்டு.

நாலு வருஷத்தில் முதல் தடவையாகக் கையில் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு தடயம்.

"மேடம்! பொண்ணோட அப்பா வேல பாக்கறது சேதராப்பட்டு. அங்க இவருக்கு எவனோ எதிரி இருக்கான். லேட்டா வந்து ஆப்சென்ட் வாங்கினவன். ஆத்திரத்துல எழுதிட்டான்."

மேடம் தாள்களை மடித்துக் கைப்பையில் வைத்தார். ஸ்கூட்டரை நேராக மூலக்குளத்துக்கு விட்டார்.

அங்கே ஆதிலட்சுமியின் அப்பா பக்கிரி வீட்டுக்குச் சற்று முன்னால் ஓரமாக நிறுத்தினார். மணி மூன்று இருபது.

"ஜமாலு, லேட்டா வந்தவனுக்கு, வூட்டுல தரை பெருக்கறப்ப இவரு கால் எப்பிடி உயருதுன்னு தெரியுமா?"

மேடம் கைப்பையிலிருந்து அந்த மூன்று தாளை எடுத்து விரித்தார்.

"காபி வந்துச்சு. யாரு கொண்டாந்தது? தரை பெருக்கப்பட்டுது. யாரு பெருக்கினது? இந்த மூணு பக்கத்துலயும் எல்லா வேலையும் செஞ்சுட்டு, ஒரு வாக்கியத்துலகூட வராத ஆளு ஒண்ணு இருக்கு. எழுதினது அந்த ஆளு. தாளு புருஷன் கொண்டாந்து போட்ட பழைய தாளு."

"ஆதிலட்சுமியோட அம்மாவா?"

"ஆமா. அத வெளிய சொன்னா அந்தம்மா குடித்தனம் என்ன ஆவும்னு தெரியாது. சொல்லலன்னா பொண்ணு கல்யாணம் நின்னுடும். நாம இராமதாஸ் தாள மட்டும் காட்டறோம். மல்லாட்டையப் பத்தி நீ மூச்சு விடக்கூடாது."

உள்ளே பக்கிரி சாய்வு நாற்காலியில் இருந்தார். கதையில் படித்த அதே சாய்வு. கல்யாணத்தை நிறுத்துவதற்காக லீவு போட்டிருந்தார். பக்கத்தில் பித்தளைத் தட்டு தயாராக இருந்தது. சமையலறை வாசலில் ஆதிலட்சுமியும் அவள் அம்மா சின்னப்பாப்பாவும் நின்றார்கள்.

"வாங்கம்மா, உக்காருங்க" என்றார் பக்கிரி. பிறகு மேலே பார்த்தபடி, யாரிடமும் சொல்லாமல், "ஃபேன் சுத்தல" என்றார்.

சின்னப்பாப்பா வந்து சுவிட்சைப் போட்டுவிட்டுப் போனார். சுவிட்ச் பக்கிரியின் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

மேடம் கி-யின் கதையைச் சொல்லி இராமதாஸின் தாள்களைக் கொடுத்தார். பக்கிரி இரண்டு தடவை படித்தார். "மாப்ள எழுத்துதான்" என்று ஒப்புக்கொண்டார். ஆதிலட்சுமியின் முகம் மலர்ந்தது. ஒரு நிமிஷம்கூட அது நீடிக்கவில்லை.

"ஆனா மேடம், அந்த இன்னொண்ண எழுதினது எவன்? எவனோ எங்க வூட்டுக்குள்ள எட்டிப் பாத்து எழுதியிருக்கான். அவன் மாப்ளயோட கூட்டாளியா இல்லன்னு என்னா நிச்சயம்? எழுதினவன் யாருன்னு தெரியற வரைக்கும் இந்தக் கல்யாணம் கெடையாது."

நான் சேதராப்பட்டு என்று ஆரம்பித்தேன். மேடம் என் காலை மிதித்தார்.

"ஐயா, இதுல பதினொரு பக்கிரி இருக்காங்க. எல்லாத்தையும் படிச்சீங்களா?"

"வரி விடாம படிச்சேன். என் பேராச்சே."

"சேனாதிபதி பக்கிரி நீங்களா?"

"நான் எப்பிடி சேனாதிபதி ஆவேன்?"

"குத்துச்சண்ட?"

"இல்ல."

"நெலாவுக்குப் போனவரு? மொத பாதியில ஆலைத் தொழிலாளி, மழையில வண்டி தள்ளிக்கிட்டுப் போறாரே?"

"அது எவனோ ஒருத்தன். நான் இல்ல."

"அப்ப பதினொண்ணுல இது மட்டும் நீங்கதான்னு எப்பிடிக் கண்டுபுடிச்சீங்க?"

"எல்லாம் அப்பிடியே ஒத்துப்போவுதேம்மா!" என்று கத்தினார் பக்கிரி.

கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே காதில் விழுந்தது.

"நான்தான் எழுதினேன்" என்றார் சின்னப்பாப்பா.

ஆதிலட்சுமி "அம்மா" என்று அவர் கையைப் பிடித்தாள். அவர் கையை விடுவித்துக்கொண்டு கூடத்துக்கு நடுவில் வந்தார்.

"மாப்ள சொல்றத நம்பிடுவீங்கன்னு மூணு நாளா பொறுத்தேன். சொல்லப் பயம். இப்ப புள்ளையோட வாழ்க்கை போவுது. நான்தான் எழுதினேன். பரிசுக்காக இல்ல, யாருகிட்டயாவது சொல்லணும்னு எழுதினேன். என்னா செய்யணுமோ செஞ்சுக்குங்க."

பக்கிரியின் முகம் கறுத்துப்போயிற்று. "இருவத்து மூணு வருஷம் குடும்பம் நடத்தினவ, ஊரு சிரிக்கிற மாதிரி புருஷன எழுதியிருக்க. நான் ஒண்ணுமே செய்யாதவனா? இதானா நான்?"

"இது பாதிதாங்க" என்றார் சின்னப்பாப்பா. "எனக்கும் மொத பாதி ஒண்ணு இருக்கு."

நானும் மேடமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பாதியைப் பற்றி எங்கள் இருவருக்குமே யோசனை போகவில்லை. எட்டுக் கதைகள் மாறின என்றால் சின்னப்பாப்பாவின் முதல் பாதியும் எங்கேயோ, யாருடைய தலையிலோ ஒட்டிக்கொண்டிருக்க வேண்டுமே.

சின்னப்பாப்பா மேசைமேல் கிடந்த மலரை எடுத்தார். நாற்பத்தோராம் பக்கத்தை விரித்து மகளிடம் கொடுத்தார். நிலவுக்குப் போன பக்கிரியின் கதை அது.

"படி" என்றார்.

ஆதிலட்சுமி படித்தாள். "ஐப்பசி மழை விடாமல் பெய்தது. பக்கிரி அவர்கள் ஆலை வேலை முடிந்து வந்தார். பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி கண்டிருந்தது. வண்டி எதுவும் ஓடவில்லை. அவர் ஆலைக்குப் போய்ப் பஞ்சு ஏற்றும் தள்ளுவண்டியை இழுத்து வந்தார். அதில் பாயை விரித்தார். மனைவியைத் தூக்கி வைத்தார். முழங்கால் தண்ணீரில் ஆஸ்பத்திரிவரை தள்ளினார். ஒரு கையால் வண்டியைத் தள்ளி, மறு கையால் குடை பிடித்தார். குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்து கஞ்சி காய்ச்சினார். உப்புப் போட மறந்தார். அதைத் தான் குடித்துவிட்டு மனைவிக்கு வேறு காய்ச்சினார்."

அங்கே நிறுத்தினாள். அந்தக் குழந்தை அவள்தான் என்பது படிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அப்பிடியே போவும்" என்றார் சின்னப்பாப்பா. "கூரை மேஞ்சது, எனக்கு எழுத்து கத்துக் கொடுத்தது, எல்லாம் இருக்கு. கடைசியில ஆலைய மூடறாங்க. நீங்க வூட்டுக்கு வந்து நாற்காலியில உக்கார்றீங்க. அதுக்கப்புறம்தான் ரெண்டாம் பாதி. வேற வேல கெடச்சுது, ஆனா நீங்க எழுந்திரிக்கல." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "ரெண்டாம் பாதியப் படிச்சுட்டுக் கோவப்பட்டீங்க. அது எனக்கு வலிக்கல. மொத பாதியப் படிச்சுட்டு எவனோ ஒருத்தன்னு சொன்னீங்களே, அதுதான் வலிச்சுது."

மேடம் என் பக்கம் குனிந்தார். "ஒரே ஆளு, ஜமாலு. நான் ரெண்டு பேருன்னு சத்தியம் பண்ணேன். என் மூணாவது இயல் தப்பு." நானூறு பக்கத்தைக் கிழித்துப் போடுகிற முகம் அது. எனக்கு நாக்கின் நுனியில் ஒரு கிண்டல் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை விழுங்கிவிட்டேன்.

பக்கிரி மகள் கையிலிருந்து மலரை வாங்கினார். நாற்பத்தோராம் பக்கத்தை அவரே படித்தார். நாற்பத்து மூன்று வரை படித்தார். பக்கத்தைத் திருப்பினார். அங்கே கதைப் பக்கிரி தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ராக்கெட்டிலிருந்து இறங்கினார். அவர் மறுபடியும் பின்னால் திருப்பி, தள்ளுவண்டி வருகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அவர் அதை மறைக்கவில்லை.

"பஞ்சு வண்டி" என்றார். "அத திருப்பிக் கொண்டுபோய் விடறதுக்குள்ள மேஸ்திரி என்னத் தேடிக்கிட்டு இருந்தான். மறந்தே போயிட்டேன்."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இராமதாஸின் அம்மா தனக்கொடி, பின்னால் இராமதாஸ். அவன் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினான். மணி சரியாக நாலு. பித்தளைத் தட்டு எல்லோர் கண்ணிலும் பட்டது.

"சின்னப்பாப்பா" என்றார் பக்கிரி. மனைவியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருஷமோ, அந்த அம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினார். "அந்த முடிவ மாத்தி எழுத முடியாதா?"

"நடக்காதத நான் எழுத மாட்டேங்க" என்றார் சின்னப்பாப்பா. "நீங்க எதையாச்சும் செய்யுங்க. நான் எழுதறேன்."

பக்கிரி நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு எழுந்தார். முட்டி வலித்திருக்க வேண்டும், ஒரு தடவை தடுமாறினார். ஆதிலட்சுமி தாங்கப் போனாள். மேடம் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார். அவர் வெறுங்காலோடு வாசலுக்குப் போய்த் தனக்கொடியின் முன்னால் நின்று கும்பிட்டார்.

"சம்மந்தியம்மா, தட்டத் திருப்பிக் கொடுக்கத்தான் வரச் சொன்னேன். கொடுக்கல. தப்பு எம்மேல. உள்ள வாங்க, நாள் குறிக்கணும்."

இராமதாஸ் தலை நிமிர்ந்து ஆதிலட்சுமியைப் பார்த்தான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பக்கிரி உள்ளே வந்து சாய்வு நாற்காலியை இழுத்துத் தனக்கொடிக்குப் போட்டார். எங்களுக்கு ஸ்டூல் கொண்டுவந்தார். பஞ்சாங்கம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அலமாரியைக் குடைந்து, இரண்டு டப்பாவைக் கீழே தள்ளி, கடைசியில் தானே கண்டுபிடித்தார்.

முகூர்த்தம் ஐப்பசி பத்தொன்பது என்று முடிவாக ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவரை பக்கிரி உட்காரவே இல்லை.